ஸ்பீக்கரை மாற்றும் முன் பாட்டை மாற்றிப் பாருங்கள்: வீட்டு ஆடியோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ரேடியோ, டேப், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பண்ணைக்காடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து செட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவார்கள். பாதிப் பேருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "செட்டில் ஒன்றும் இல்லை, பாட்டில்தான் கோளாறு." சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், சர்வீஸ் தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்று. ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க நேரம் போதவில்லை. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புது செட் வாங்கின பிறகு பழைய பாட்டெல்லாம் முன்பைவிட மோசமாகக் கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு விவசாயி ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். அந்த வருடம் மலைப்பூண்டுக்கு நல்ல விலை. நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அதற்கேற்ற ஆம்ப் என்று மதுரையிலிருந்து இறக்கிவிட்டார். பத்தே நாளில் கடைக்கு வந்து, "அண்ணே, என் பழைய டூ-இன்-ஒன்னே தேவலை. இதுல எஸ்.பி.பி. தகர டப்பாக்குள்ள நின்னு பாடுறாரு" என்றார். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டியைத்தான் டூ-இன்-ஒன் என்போம்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வயரிங் சரி, ஆம்ப் சரி. பென் டிரைவில் நாலாயிரம் பாட்டு, செல்போன் கடையில் மொத்தமாக ஏற்றிக் கொடுத்தது. அதை எடுத்துவிட்டு, பையில் வைத்திருந்த வீணைக் கச்சேரி சிடி ஒன்றைப் போட்டேன். தந்தியை மீட்டின சத்தத்துக்குப் பிறகு, விரல் வீணைத் தண்டியில் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு நழுவும்போது வருகிற அந்தச் சின்னக் கீச்சு கேட்டது. அவர் எழுந்து போய் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரைப் பார்த்தார். வீணை அங்கேதான் இருப்பதுபோலக் கேட்கிறது, ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என் நாலாயிரம் பாட்டு?" என்றார்.

பழைய டூ-இன்-ஒன்னின் ஸ்பீக்கர் நாலு இஞ்ச். அதில் ஆழமான பாஸும் (கனத்த அடிச் சத்தம்) வராது, கீச்சென்ற உச்சத்துச் சத்தமும் வராது. பதிவில் இருக்கும் இரைச்சலும் கரகரப்பும் அந்த ஓரங்களில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கும். சின்னப் பெட்டி அவற்றைச் சேர்த்தே விழுங்கிவிடும். பெரிய ஸ்பீக்கர் எதையும் விழுங்குவதில்லை. புதுக் கண்ணாடி போட்ட அன்றைக்குத்தானே வீட்டுச் சுவரில் விரிசல் கண்ணில் படுகிறது.

பதிவின் தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மிருதங்கத்தை வைத்துச் சொல்கிறேன். வலது பக்கத்தில் விழும் சாப்பு அடிக்கு ஒரு கூர்மை உண்டு. விழுந்த கணத்தில் உச்சத்துக்குப் போய் உடனே இறங்கிவிடும். இடது பக்கத் தொப்பியின் கும்கி ஒலி வளைந்து வளைந்து அடங்கும். மைக்கை எங்கே வைத்தார்கள், எந்த அறையில் வைத்தார்கள், அந்தக் கூர்மையைக் கருவி தாங்கியதா இல்லை வெட்டிவிட்டதா, பாடகர் குரலுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி விட்டுக் கலந்தார்கள், வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்யும் மாஸ்டரிங்கில் எதை உயர்த்தினார்கள், எதை நசுக்கினார்கள் – இவை எல்லாம் சேர்ந்ததுதான் பதிவு. இசைத்தட்டு, நாடா, சிடி, ஃபைல் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பாத்திரங்கள்தான். பாத்திரம் ஓட்டையாக இருந்தால் ஒழுகும், சரி. ஆனால் புளித்த பாலை வெள்ளிச் செம்பில் ஊற்றினாலும் அது புளித்த பால்தான்.

அறுபதுகளின் பாட்டு ஒரு மாதிரி, எண்பதுகளின் பாட்டு ஒரு மாதிரி, இப்போதைய பாட்டு வேறு மாதிரி கேட்பது ஏன்?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

1902-ல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் பதிவுக் கருவியோடு கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பாட வைத்தார். மைக்கெல்லாம் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வுதான் நேராக ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா தன் பெயரை உரக்கச் சொல்வார். தட்டு அச்சாகப் போவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருப்பவர்களுக்குப் பாடினது யார் என்று தெரிய வேண்டுமே. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கூடினால் நாலு. மூன்று நிமிடத்தில் ராகத்தைக் கோடி காட்டி, பாட்டையும் முடித்து, குரலையும் கூம்புக்குள் எறிய வேண்டும் என்றால் பாடும் விதமே மாறிவிடும். அந்தக் காலத்துத் தட்டுகளில் எல்லோரும் உச்சஸ்தாயியில், அவசரமாகப் பாடுவதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1925-ல் மின்சாரப் பதிவு வந்தது. மைக்கின் முன் மெதுவாகப் பாடினாலும் பதியும் என்றானது. ஐம்பது, அறுபதுகளில் நம் சினிமாப் பாட்டுகள் பதிவான விதத்தை எம்.எஸ். விஸ்வநாதன் காலத்து வாத்தியக்காரர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பாடகரும் வயலின் கூட்டமும் தபலாவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். கடைசிச் சரணத்தில் ஒருவர் பிசகினாலும் பல்லவியிலிருந்து மறுபடியும். மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். உச்சத்துச் சத்தமும் பாஸும் குறைவு, நடுப்பகுதி மட்டும் ததும்பி நிற்கும். குரல் உட்கார்ந்திருக்கும் இடமும் அதே நடுப்பகுதிதான். கோயில் திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டுகள் அவ்வளவு நன்றாகக் கேட்பதன் ரகசியம் இதுதான். குழாயால் நடுப்பகுதியை மட்டும்தான் ஊத முடியும், பாட்டில் இருப்பதும் அதுதான். மாப்பிள்ளைக்கு ஏற்ற பெண்.

அப்புறம் ஸ்டீரியோ, அதாவது இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு தடம். 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்களைத் தமிழில் ஸ்டீரியோவின் தொடக்கமாக ரசிகர்கள் சொல்வார்கள். எண்பதுகளின் இளையராஜா பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டால் இடது காதில் கிட்டார் ஒன்று சொல்ல, வலது காதில் வயலின் பதில் சொல்வது தெரியும். நடுவில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் போட்டு நடந்துகொண்டிருக்கும். டூ-இன்-ஒன்னில் இருபது வருடம் கேட்டவர்களுக்கு அந்த பேஸ் கிட்டார் இருப்பதே தெரியாது. என் கடையில் முதல்முறை கேட்டுவிட்டு, "இது வேற யாரோ புதுசா வாசிச்சுச் சேர்த்ததா?" என்று கேட்டவர்கள் உண்டு. நல்ல ஸ்பீக்கருக்குச் செலவழிக்க நியாயம் இருக்கிறது என்றால், என்னைப் பொறுத்தவரை அது இந்தப் பத்து வருடப் பாட்டுகளுக்காகத்தான்.

1992-ல் 'ரோஜா' வந்தபோது கேசட் கடைகளில் ஆம்பின் பாஸ் கட்டையைத் திருகித் திருகித் தேய்த்தார்கள். ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு இருந்த ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஒலியாகத் தடம் தடமாகச் சேர்த்து உருவாக்கின பாட்டுகள் அவை. கூடத்தில் கூட்டமாக வாசிக்கும் முறைக்கு நேர்மாறு. அவரோடு வேலை செய்த, தேசிய விருதுகள் வாங்கின ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரின் பெயரைக் கேசட் அட்டையில் தேடிப் படிக்கிற ரசிகர் கூட்டமே அப்போது உருவானது. பாட்டைப் பதிவு செய்தது யார் என்று தமிழ்நாட்டில் சாதாரண ஜனங்கள் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு வந்தது சத்தப் போட்டி. பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்று மாஸ்டரிங்கில் மெல்லிய இடங்களை எல்லாம் தூக்கி, உச்சங்களை எல்லாம் தட்டி, பாட்டு முழுவதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். நான் சொன்ன அந்த சாப்பின் கூர்மை இதில்தான் சாகிறது. பஸ்ஸில், ஆட்டோவில் கேட்க அது வசதி. வீட்டில் உட்கார்ந்து கேட்டால் மூன்றாவது பாட்டிலேயே காது களைத்துவிடும், ஏன் என்றுகூடத் தெரியாது. எழுந்து போய் அணைத்துவிட்டு வருவோம்.

5.1 ஆம்ப் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் பெட்டி) போட்டேன். பழைய பாட்டு போட்டால் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் பாடவே இல்லை. போர்டு போய்விட்டதா?

மாதத்துக்கு ஒருவராவது இதற்காக ஆம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நம் ஊர் அசெம்பிள் ஆம்ப்களில் ஸ்டீரியோ பாட்டை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்க ப்ரோலாஜிக் மாதிரி ஒரு போர்டு இருக்கும். அது பின் ஸ்பீக்கருக்கு அனுப்புவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை. மோனோ பாட்டில் இடதும் வலதும் ஒன்றே. பத்திலிருந்து பத்தைக் கழித்தால் என்ன வரும்? அதுதான் உங்கள் பின் ஸ்பீக்கரில் வருகிறது. போர்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி அது. பழைய பாட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு போதும், சொல்லப்போனால் ஒன்றே போதும்.

எம்பி3 போதுமா, ஃபிளாக் (எதையும் எறியாமல் சுருக்கின ஃபைல்) வேண்டுமா?

சிடியில் ஒரு நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் ஓடுகிறது. 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஏறக்குறைய அதில் பதினோரில் ஒரு பங்கு. நாலு நிமிடப் பாட்டு சிடியில் 42 எம்பி, இதில் 4 எம்பிகூட வராது. பலத்த சத்தத்துக்கு அடியில் மறையும் மெல்லிய சத்தம் எப்படியும் காதில் விழாது என்ற கணக்கில் அதையெல்லாம் தூக்கி எறிவதுதான் எம்பி3-யின் வேலை. கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 320 கிலோபிட்டில் ஒழுங்காகச் செய்ததை சிடியிலிருந்து பிரித்துச் சொல்ல என்னால் முடிவதில்லை. முடியும் என்று சத்தியம் செய்கிறவர்களைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன், அவர்களாலும் முடியவில்லை. ஆனால் 128-ல் ஜால்ராவும் கைதட்டலும் தண்ணீருக்குள் கேட்பதுபோலக் குழையும். அது எல்லோருக்கும் தெரியும்.

செல்போன் கடைப் பென் டிரைவில் சிக்கல் வேறு. 128-ல் இருந்ததை யாரோ 320 ஆக்கி, அதை வேறொருவர் ஃபிளாக் ஆக்கியிருப்பார். ஃபைல் பெரிதாகும், பாட்டு பெரிதாகாது. சக்கையில் மறுபடியும் வெந்நீர் ஊற்றினால் டம்ளர் நிறையும், டிகாஷன் இறங்காது. சந்தேகம் இருந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்கள், கீழ் ஒலி முதல் உச்சத்து ஒலி வரை படமாகக் காட்டும். பெயரில் ஃபிளாக் என்று போட்டு, படத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டினதுபோல ஒன்றுமே இல்லாமல் கறுத்துக் கிடந்தால், அது பழைய 128-ன் வேஷம் என்று சந்தேகப்படலாம்.

யூடியூபும் ப்ளூடூத்தும் வைத்துக்கொண்டே ஓட்டிவிடலாமா?

ஓட்டலாம். யூடியூபின் ஒலி 128 முதல் 160 கிலோபிட் வரை, ஆனால் எம்பி3-யைவிடத் தேர்ந்த முறையில் சுருக்கினது. ப்ளூடூத்தில் எஸ்பிசி என்ற சாதாரணச் சுருக்கும் முறை 328 கிலோபிட் வரை போகும். இரண்டுமே பெரிய குற்றவாளிகள் இல்லை. யூடியூபில் பாட்டை ஏற்றினவர் அதை எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் விஷயம். ஒரே பாட்டுக்கு இருபது பதிவு கிடக்கும். டிவியிலிருந்து பிடித்தது, வேகம் கூடிச் சுருதி ஏறினது, எக்கோ போட்டுக் கெடுத்தது எல்லாம் அதில் அடக்கம். உரிமை உள்ள நிறுவனமே ஏற்றியதைத் தேடி எடுங்கள்.

ஒரு நல்ல விஷயம்: ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. யூடியூபும் அதிகச் சத்தமான பாட்டைக் குறைத்துத்தான் ஒலிக்கவிடுகிறது. ஆக, உரக்கக் கத்துவதற்காகப் பாட்டை நசுக்கினவர்களுக்கு இப்போது கத்தலும் இல்லை, மிஞ்சியது நசுங்கல் மட்டும்தான்.

வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். முதலில் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நாடா சுருளின் ஓரத்தில் கோலமாவு தூவினதுபோல வெள்ளையாக இருந்தால் பூஞ்சணம். கொடைக்கானல் பனியில் மர பீரோவுக்குள் வைத்த கேசட்டில் பாதி இப்படித்தான் இருக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டு ஓட்டாதீர்கள். பூஞ்சணம் டெக்குக்குப் பரவி அடுத்த கேசட்டுக்கும் ஏறும். மூக்கைக் கட்டிக்கொண்டு, அழிந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய டெக்கில் மெல்லிய துணியைத் தொட்டுக்கொண்டு ஓடும்படி சுற்றித் துடைக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களிடம் கொடுங்கள்.

அடுத்தது ஹெட், நாடாவைத் தொட்டுப் பாட்டை எடுக்கும் முனை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் குச்சி காவி நிறமாகும். துடைத்தும் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறதா? ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். நாடாவின் மொத்த அகலமே 3.8 மில்லிமீட்டர், ஹெட்டில் உள்ள மயிரிழைப் பிளவு நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு இழை சாய்ந்தாலும் உச்சத்துச் சத்தம் போய்விடும். பாட்டை ஓடவிட்டு அந்தத் திருகைக் கால் சுற்று, அதிலும் கால் சுற்று திருப்புவேன். திடீரென்று ஒரு இடத்தில் டிரம்ஸின் ஹை-ஹேட் தாளம் போடும் 'ச்ஸ்' வெளியே வரும், பாடகியின் 'ஷ்' தெளியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கணத்தில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். இந்த வேலைக்கு நான் வாங்கும் கூலி அதிகம் என்று இதுவரை யாரும் பேரம் பேசினதில்லை.

உங்கள் பெட்டியில் கம்பெனிக் கேசட்டோடு, பாட்டுப் பதிவுக் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்த கேசட்டும் இருக்கும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அறுபது நிமிட டிடிகே, ஏ பக்கம் சோகம், பி பக்கம் காதல் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதிக் கொடுத்த காலம் அது. அக்கறையுள்ள கடைக்காரர் புது எல்பி (லாங் ப்ளே) தட்டிலிருந்து நிதானமாகப் பதிந்து கொடுத்திருந்தால், அவசரமாக ஆயிரக்கணக்கில் அடித்த கம்பெனிக் கேசட்டை அது தூக்கிச் சாப்பிட்டுவிடும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் நாடா மெலிசு, அதிகம் சிக்கும். அதை முதலில் கணினியில் ஏற்றிவிடுங்கள்.

எல்பி தட்டுதான் சிடியைவிட உசத்தி என்கிறார்களே?

அளவுக் கருவி வைத்துப் பார்த்தால் சிடிதான். மெல்லிய சத்தத்துக்கும் பலத்த சத்தத்துக்கும் 96 டெசிபெல் இடைவெளியை சிடி தாங்கும். எல்பி அந்தப் பக்கமே வராது. எல்பியில் இன்னொரு குறையும் உண்டு. தட்டின் வெளிவட்டத்தில் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்கு அரை மீட்டர் தடம் ஓடுகிறது, உள்வட்டத்தில் இருபது சென்டிமீட்டர்தான். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டுக்குக் கொஞ்சம் கரகரப்பு கூடும்.

ஆனாலும் எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுக்கு எல்பியைத் தேடுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். அன்றைக்கு ஸ்டூடியோவிலிருந்து வந்த நாடா புதிதாக இருக்கும்போதே வெட்டின தட்டு அது. பின்னால் வந்த சிடி எந்த நாடாவிலிருந்து, எத்தனையாவது பிரதியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாத்தா காலத்து 78 தட்டில், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டில், ஸ்பிரிட் போடவே கூடாது. அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு. எல்பி ஊசி அந்தப் பள்ளத்துக்குள் தரையில் உரசிக்கொண்டு போய் இரைச்சலைத்தான் எடுக்கும்.

'ரீமாஸ்டர்' (மறுபடியும் மாஸ்டரிங் செய்தது) என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

ஆசையாக வாங்கி ஒருமுறை சூடு பட்டவன் நான். அட்டையில் பளபளவென்று டிஜிட்டல் ரீமாஸ்டர் என்று இருந்தது. போட்டுக் கேட்டால் இரண்டாவது பாட்டின் இடையிசையில் 'டொக்... டொக்... டொக்' என்று ஒரே சீராக ஒரு சத்தம். தட்டில் கீறல் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை விழும் சத்தம் அது. யாருடைய வீட்டு எல்பியிலிருந்தோ எடுத்து, இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று குரலின் மூச்சையும் சேர்த்து வடிகட்டியிருந்தார்கள். இன்னொரு கம்பெனி சிடியில் இடதும் வலதும் மாறியே இருந்தது.

நல்லபடியாகச் செய்தவையும் உண்டு. மூல நாடாவுக்குப் போய் அதைத் துடைத்து, சரியான டெக்கில் ஓட்டி எடுத்தது கேட்டதும் தெரிந்துவிடும்: இரைச்சல் கொஞ்சம் இருக்கும், ஆனால் பாடகர் பக்கத்தில் இருப்பார். இரைச்சல் துளிகூட இல்லாத ஐம்பதுகளின் பாட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.

கர்நாடக சங்கீதத்துக்கு எந்த மாதிரிப் பதிவு தேட வேண்டும்?

என் வரிசை: பழைய வானொலிப் பதிவுகள், பிறகு சின்னக் கூடத்தில் எடுத்த நேரடிக் கச்சேரி, அதற்குப் பிறகு ஸ்டூடியோ, கடைசியில் பெரிய சபா. வானொலி ஸ்டூடியோ அமைதியான அறை. மைக் குறைவு, கலந்தவருக்குச் சங்கீதமும் தெரிந்திருக்கும். பெரிய சபாவில் ஒலிபெருக்கியிலிருந்து வந்த சத்தம்தான் பெரும்பாலும் மைக்கில் மறுபடியும் ஏறும். மிருதங்கம் இடி மாதிரியும் வயலின் கம்பி அறுக்கிற மாதிரியும் இருக்கும். ஸ்டூடியோவில் எல்லாம் சுத்தம், ஆனால் பாடகருக்கு எதிரில் தலையாட்ட ஆள் இல்லை என்பது சில சமயம் பாட்டிலேயே தெரியும்.

தம்புராவைக் கவனியுங்கள். பாட்டு நிற்கும் இடைவெளிகளில் தம்புராவின் ரீங்காரம் ஒரு வட்டமாகச் சுழன்று அடங்குகிறதா, இல்லை கொசு ரீங்கரிப்பதுபோலத் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதுவே போதும், மீதியைக் கேட்காமலே சிடியைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

நம் ஊர்க் குளிரும் மழையும் ஒலியைப் பாதிக்குமா?

தகரக் கூரை வீட்டில் ஐப்பசி மழை பெய்யும்போது எந்த ஆம்பும் ஜெயிக்காது. அப்போது சத்தப் போட்டியில் நசுங்கின புதுப் பாட்டைப் போடுங்கள். மெல்லிசையும் ஆலாபனையும் மழை விட்ட பிறகு. இடி இடித்தால் பிளக்கையும் ஏரியல் வயரையும் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

அதே ஊரில், மார்கழி இரவு பத்து மணிக்கு வில்பட்டி மாதிரி ஒரு கிராமத்தில் உட்கார்ந்தால் ஃபேன் இல்லை, ஏசி இல்லை, ரோட்டில் வண்டி இல்லை. மதுரையில் சீலிங் ஃபேன் சத்தத்துக்கு அடியில் காணாமல்போகிற அத்தனை மெல்லிய ஒலியும் இங்கே கேட்கும். வால்யூமைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். பணம் கொடுத்து வாங்க முடியாத ஆம்ப் அது. கண்ணாடி ஜன்னலும் பலகைத் தரையும் உள்ள வீடானால் கனமான திரையும் ஒரு ஜமக்காளமும் போடுங்கள், கணகணப்பு அடங்கும். சிடி, கேசட், தட்டு எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட தகர டப்பாவில் வையுங்கள்.

கொடை எஃப்எம் மதுரையில் தெளிவாகக் கேட்கிறது, மலையிலேயே இருக்கும் என் வீட்டில் இரைகிறதே?

கொடை எஃப்எம்மின் (100.5) கோபுரம் உயரத்தில் இருப்பதால் சமவெளி முழுவதும் அதன் பார்வைக்குள் வருகிறது. உங்கள் வீடு மலை முகட்டுக்கு மறுபக்கச் சரிவில் இருந்தால் நடுவில் மலை நிற்கிறது. ஏரியலை வெளியே உயரமாகக் கட்டுங்கள். இன்னொன்று, எஃப்எம் எப்படியும் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேல் உச்சத்துச் சத்தம் வராது. அதில் பழைய பாட்டு இதமாகக் கேட்பதற்கு அதுவும் உதவி.

ஒரு பதிவு நல்லதா கெட்டதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பதிவை ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பதுதான் நல்லது என்று காது எப்போதும் ஏமாறும். கடைகளில் ஸ்பீக்கர் விற்பதும் இந்த வித்தையில்தான். அப்புறம் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். வார்த்தைகள் சிரமமில்லாமல் புரிகிறதா, மெல்லிய இடம் மெல்லியதாகவே இருக்கிறதா, பாட்டு முடிந்து அடங்கும் கடைசி இரண்டு நொடியில் ஏதாவது மிச்சம் கேட்கிறதா. கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் திறந்து, அது காட்டும் ஒலி அலையின் படத்தைப் பாருங்கள். மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கினால் நல்லது. ஆரம்பம் முதல் கடைசி வரை செங்கல் அடுக்கின மாதிரி இருந்தால் நசுக்கினது.

செலவு செய்ய வேண்டுமானால் எதற்கு முதலில்?

ஒரு ஜோடி நிதானமான ஸ்பீக்கருக்கு. அதை வைக்கும் இடத்தைச் சரிசெய்யக் காசே வேண்டாம், சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் இழுத்தால் போதும். பிறகு நல்ல பதிவுகளுக்கு. ஆயிரக்கணக்கில் விலை போட்ட கேபிள் விற்க வருகிறவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எனக்கு உயிரான பாட்டுக்கு மோசமான பதிவு மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 தட்டில் இருக்கிறது. பொரிகிற எண்ணெய் மாதிரி இரைச்சல், ஒரு பக்கத்துக்குச் சில நிமிடம்தான். நாயனத்தின் வீச்சில் அரை நிமிடத்தில் இரைச்சல் காதை விட்டுப் போய்விடும். பழைய தட்டைப் போட்டிருக்கிறோம் என்பதே மறந்துவிடும். இப்படிப்பட்டதைப் பெரிய செட்டில் போட்டுச் சோதனை செய்யாதீர்கள். ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்குங்கள், ஒரே ஸ்பீக்கரில், அதுவும் சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள்.

அந்தப் பூண்டு விவசாயி இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். ஹாலில் பெரிய ஸ்பீக்கர். அதற்குப் பதினைந்து சிடி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. நாலாயிரம் பாட்டுப் பென் டிரைவுக்கு ஒரு சின்ன பிளேயர் வாங்கி, டூ-இன்-ஒன்னின் லைன்-இன்னில் செருகி, பூண்டு காயும் கொட்டகையில் மாட்டிவிட்டார். போன வாரம் அந்த டூ-இன்-ஒன்னைத்தான் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பெல்ட் தொய்ந்துவிட்டதாம், கேசட்டில் எஸ்.பி.பி. குரல் இழுக்கிறதாம். சீக்கிரம் வேண்டும், வேலைக்கு வருகிற பெண்கள் சத்தம் போடுகிறார்கள் என்றார்.